நாய்க்கு இருக்கிற இடம்

இந்தக் காலத்து ஆட்கள் பெரிய பெரிய வீடாகக் கட்டி வாசலில் 'நல்வரவு' என்று எழுதி வைக்கிறார்கள். சொந்தக்காரன் போய் நின்றால் மட்டும் எதையோ மிதித்துவிட்ட மாதிரி முகத்தைச் சுளிக்கிறார்கள். பார்த்தாலே குமட்டுகிறது.

என் மகள் விஜி நர்ஸ். அயர்லாந்தில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே வாடகைக்கு ரூம் கிடைப்பதுதான் பெரும்பாடாம். கிடைக்கிறவரை தலை சாய்க்க ஓர் இடம் வேண்டும். தெரியாத ஊரில் பெண்பிள்ளை பெட்டியோடு தெருவில் நிற்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் பெண்டாட்டியின் அண்ணன் மொக்கைச்சாமி தேனியில் இருக்கிறார். அவர் மகன் சூரியபிரகாஷ் அயர்லாந்தில் விஜி போகிற அதே ஊரில்தான் குடும்பத்தோடு இருக்கிறான். எங்கள் ஊர் கோம்பைத் திருவிழாவுக்கு மச்சான் குடும்பம் வந்தால் சொல்லிவிட்டா வருவார்கள்? அவர்களுக்கு வீட்டை விட்டுவிட்டு நாங்கள் மாட்டுக்கொட்டத்தில் படுப்போம். அந்த நினைப்பில் ஒரு பெட்டி பன்னீர் திராட்சையும் எடுத்துக்கொண்டு விஜியோடு தேனிக்குப் போனேன்.

மச்சான் வீடியோ போனில் மகனைக் கூப்பிட்டு அவன் முகத்தைக் காட்டினார்.

"ஏலே பிரகாசு, விஜி அங்கன வருது. உன் வீட்லதான் தங்கும்" என்றேன்.

"வரட்டும் மாமா, சந்தோசம். ஆனா வீட்டு ஓனரு வெளியாளத் தங்க விடமாட்டாரு. அக்ரிமெண்ட்ல போட்டிருக்கு."

"வெளியாளா? உன் அத்தை மகடா அவ!"

"இங்க அதெல்லாம் எடுபடாது மாமா. ஒரு நாளைக்குச் சாப்பிட வரச் சொல்லுங்க."

அவன் முதுகுக்குப் பின்னால் சோபாவில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாய் கால் நீட்டிக் கிடந்தது.

"அந்த நாயி யாருது?"

"நம்மளுதுதான் மாமா. எம் பொண்டாட்டி சினேகா ஆசைப்பட்டு வாங்குனா."

"ராத்திரி எங்கன படுக்கும்?"

"அதுக்குத் தனி ரூம் இருக்கு…" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நாய்க்கு ஒத்துக்கிட்ட ஓனரு அத்தை மகளுக்கு ஒத்துக்க மாட்டாராக்கும்!"

"விடுங்க மாப்ள, வெளிநாட்டுச் சட்டம் நமக்கென்ன தெரியும்" என்றார் மச்சான்.

உறவுக்காரர் வீட்டில் வைத்த பண்டத்தைத் திரும்பத் தூக்கினால் உறவு முறிந்ததென்று அர்த்தம். தெரிந்தேதான் திராட்சைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினேன்.

பஸ் ஸ்டாண்டில் விஜி வாயைத் திறந்தாள். "இதுக்குத்தான் வேணாம்னேன். நான் ஏற்கெனவே இடம் பார்த்துட்டேன்ப்பா. ஷெரின்னு அங்கன ஒரு நர்சு, கேரளாவுல கட்டப்பனைக்காரக. புதுசா வர்ற பிள்ளைகளத் தன் ரூம்ல தங்க வச்சுக்கிறாக."

"நேர்ல பார்த்திருக்கியா?"

"இல்ல. வாட்ஸப் குரூப்ல பழக்கம்."

"சொந்தமில்ல, சாதியில்ல. எதுக்குச் சும்மா இடம் குடுக்கா?"

"அவுக அங்க புதுசாப் போனப்ப யாரோ ஒருத்தி இப்படித்தான் இடம் குடுத்தாளாம்."

சொல்லிக்கொண்டே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு என் கையில் திணித்தாள்.

"அப்பச்சா, பேடிக்க வேண்டா. விஜி இவிட வரட்டே. கஞ்சியும் பயறும் உண்டு" என்றது மலையாளக் குரல்.

பயப்பட வேண்டாமாம். "கஞ்சியும் பயறும் ஆக்கிப்போடவா எம்மகளக் கூப்பிடுற?" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

"முகம் தெரியாதவள எப்படி நம்புறது?"

"முகம் தெரிஞ்ச வீட்டுக்குத்தானப்பா இப்பப் போயிட்டு வந்தோம்?" என்றாள் விஜி.

சொந்தக்காரன் கதவைச் சாத்துகிறான், எவளோ ஒருத்தி கஞ்சி தருகிறேன் என்கிறாள். என்ன உலகமோ, சீ!

"போறவ நீ, உன் இஷ்டம். எனக்கு நம்பிக்கை இல்ல" என்று போனை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கோம்பை பஸ்ஸைப் பார்க்க நடந்தேன்.