வலது கை மட்டும்

பிணவறையில் அடையாளம் காட்டச் சொன்னபோது அவள் கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். டைல்ஸ் ஒட்டுகிறவர் கை. என்ன தேய்த்தாலும் நகக்கண்ணில் வெள்ளைச் சிமென்ட் கோடு போட்டு உட்கார்ந்திருக்கும். கல்யாணத்தன்று அதைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை நெயில் பாலிஷ் போட்டிருக்கார்டி" என்று அக்கா கேலி செய்திருந்தாள்.

இடது கையில் அந்தக் கோடு அப்படியே இருந்தது. வலது கையில் இல்லை. விரல்கள் எல்லாம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததுபோல் வெளுத்திருந்தன.

"இந்தக் கையை யாரு கழுவினது?" என்று பிணவறை ஊழியரிடம் கேட்டாள்.

அவர் துணியை இழுத்து மூடினார். கொஞ்சம் கழித்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதம்மா. போலீஸ்காரங்க அவரு போனைக் கொண்டாந்தாங்க. ஒவ்வொரு விரலாத் தூக்கி அதுல வச்சு வச்சுப் பார்த்தாங்க. திறக்கலேன்னதும் துடைச்சுத் துடைச்சு வச்சாங்க. இங்க எத்தனையோ பார்த்தவன் நான், எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அதுவரை அழுதுகொண்டிருந்தவளுக்கு அழுகை நின்றுவிட்டது. வீட்டிலிருந்து கொண்டுவந்த சட்டையை அவளே கணவருக்குப் போட்டுவிட்டாள். தையல்காரி அவள், அவர் போட்ட சட்டை எல்லாம் அவள் தைத்ததுதான். வலது கையைச் சட்டைக்குள் நுழைக்கும்போது, தூங்குகிற குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல் பிடித்தாள்.

அவர் விழுந்தது அரசாங்க அலுவலகத்துக்குப் புதிதாகக் கட்டுகிற கட்டடத்தில், சாரத்திலிருந்து. சாரம் ஆடுகிறது என்று வேலையாட்கள் தங்களுக்குள் வாய்ஸ் மெசேஜ் போட்டுப் புலம்பிக்கொண்டே இருந்தார்கள். யாரோ துருப்பிடித்த இணைப்பைப் படம் எடுத்தும் வைத்திருந்தார்கள். அவர் விழுந்த மறுநாள் அந்தப் படம் செய்தித்தாளில் வந்து, துறையின் மானம் கப்பலேறியது. அன்றிலிருந்து, சாரம் ஏன் சரிந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. படம் எடுத்தது யார் என்றுதான் விசாரித்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபின் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. வேன் ஓட்டுகிற கொழுந்தன் கூட்டிக்கொண்டு போனான். வழியெல்லாம் ஒரே பாட்டு.

"அண்ணி, அவங்க கேக்குறதைக் குடுத்துட்டு வந்துடுவோம். அரசாங்கத்தோட மல்லுக்கட்ட நம்மால ஆகுமா?"

"நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு தம்பி."

விசாரணை அதிகாரி அவர்களை உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு மேசையிலிருந்த ஒரு கவரைக் கவிழ்த்தார். கணவரின் ஃபோன் வந்து விழுந்தது. மூலையில் கீறல், முதுகில் சிமென்ட் தீற்றல்.

"எந்த விரலையும் ஏத்துக்க மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்கம்மா."

கையில் எடுத்ததும் பழக்கதோஷத்தில் அவள் கட்டைவிரல் தானாக அதன் முதுகில் போய் உட்கார்ந்தது. அந்த ஃபோன் அவள் விரலுக்குத் திறக்கும். அவர் விரலுக்கு என்றைக்குமே திறந்ததில்லை. சிமென்ட் தின்று தின்று அவருக்கு ரேகையே கிடையாது. ஃபோன் வாங்கிய அன்று கடைக்காரர் எவ்வளவோ அமுக்கிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு விரலே இல்லைங்குது சார் இது" என்று சிரித்தார். கடைசியில் அவள் விரலைப் பதிவுசெய்துவிட்டு, அவருக்கு அவர் சொன்ன ஒரு நம்பரை வைத்துக்கொடுத்தார்.

ஆனால் ஃபோன் இப்போது திறக்கவில்லை. நம்பர் கேட்டது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அளவுக்கு மேல் தப்பான விரலை வைத்தால் அது யார் விரலையும் நம்பாது. நம்பர் போட்டால்தான் மறுபடி வழிக்கு வரும். உயிரோடு இருக்கும்போதே அவரைத் தெரியாத ஃபோன்மேல், செத்தவர் கையைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள். அதில் அவள் விரலையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள். அதற்குள் என்னவெல்லாம் இருந்தது! மத்தியானச் சாப்பாட்டுக்குப்பின் அவர் தனியாக உட்கார்ந்து பாடிப் பதிவுசெய்த பாட்டுகள். வெட்கப்பட்டு யாருக்கும் அனுப்பாதவை. அவரை அவள் திட்டியது, கொஞ்சியது, எல்லாம்.

ஃபோன் மினுங்கியது. அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"'ரேடியோ'ன்னு ஒருத்தன் கூப்பிடுறான். யாரும்மா இவன்?"

"வாய் மூடாத ஆளா இருக்கும் சார்."

"நேத்து 'பூனை'ன்னு ஒருத்தன் கூப்பிட்டான். ஒருத்தனுக்கும் அப்பா அம்மா பேர் வைக்கலையா?"

"வேலை செய்யிற இடத்துல அப்படித்தான் சார் கூப்பிட்டுக்குவாங்க."

கொழுந்தன் சிரிப்பை டீயோடு விழுங்கினான். அதிகாரிக்கு முகம் கடுத்தது.

"நம்பரைச் சொல்லுங்க. உங்க நல்லதுக்குத்தான் கேக்குறேன். உங்க வீட்டுக்காரர் எப்படி விழுந்தார்னு தெரிய வேண்டாமா?"

"அதுக்குச் சாரத்தைப் பாருங்க சார். அதுக்குப் பூட்டு இல்லையே."

"அதை இன்னொரு டிபார்ட்மென்ட் பார்க்கும்."

"பிரிச்சு லாரியில ஏத்திட்டாங்களாம். யாரு பார்த்தா?"

"மறைக்க ஒண்ணுமில்லேன்னா எதுக்குப் பயப்படணும்?" என்றார்.

சாத்தியிருந்த கதவை அவள் பார்த்தாள். "எங்ககிட்ட பேசுறதுக்கு நீங்க எதுக்கு சார் கதவைச் சாத்தினீங்க?"

"ஏம்மா, வாய் ரொம்ப நீளுது. நம்பர் தெரியுமா, தெரியாதா?"

கொழுந்தன் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தான். தெரியாது என்று சொல்லேன் என்பதுபோல் பார்த்தான். சொல்லியிருக்கலாம். அத்தோடு விட்டிருப்பார்கள்.

"தெரியும்" என்றாள். "சொல்ல மாட்டேன்."

அதிகாரி டீக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அவர்கூட வேலை செஞ்சவங்க குரல் எல்லாம் அதுல இருக்கு. சாரம் ஆடுதுன்னு சொன்னவங்க. அவங்களுக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கு. அவர் செத்ததுக்கு நியாயம் கேக்குறவங்களைப் பிடிச்சுக் குடுக்க நான் ஆளில்லை."

"கோர்ட் ஆர்டர் வாங்குவேன்."

"வாங்குங்க. அங்கே நானும் ஒண்ணு கேப்பேன். பிணவறையில அவர் கையைத் தொட உங்களுக்கு எந்தக் கோர்ட்டு ஆர்டர் குடுத்தது? கழுவினவங்க ரெண்டு கையையும் கழுவியிருக்கலாமே சார். வலது கை மட்டும் வெள்ளையா இருந்தா நான் பார்க்க மாட்டேன்னு நினைச்சீங்களா? உயிரோட இருந்தவரை நீங்க யாரும் அந்தக் கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை பேசினதில்லை."

அதிகாரி கவரை எடுத்தார். ஃபோனை உள்ளே போட்டார். அவள் கண்முன்னாலேயே ஒட்டினார். "இனி இது உங்க கைக்கு வராது, ஞாபகம் வச்சுக்குங்க."

பாட்டுகள் அதோடு போயின. அவளுக்கு அது தெரியும்.

வேனில் ஏறியதும் கொழுந்தன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். வண்டியைக் கிளப்பவில்லை.

"நெஜமாவே தெரியுமா அண்ணி? இல்லை, வீம்புக்குச் சொன்னீங்களா?"

"உங்க அண்ணனுக்கு எந்த நம்பர் ஞாபகம் இருந்திருக்கு? நான் சட்டை தைக்க அளவெடுக்கும்போது சத்தமா சொல்லுவேனே, மார்பளவு, கையளவு. அதைத்தான் வச்சிருந்தார்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அவங்க உங்க அண்ணன் கையைப் பிடிச்சுத் தேய்ச்சிருக்காங்க தம்பி. அந்த அளவுல தைச்ச சட்டையைத்தான் அவருக்குப் போட்டு அனுப்பினேன். நம்பர் அவர்கூடவே போயிடுச்சு. நீ வண்டியை எடு."