மீன் பொறித்த கல்

மில்லில் இருபத்திரண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்துத் தறியில் நின்றவர்கள் அரிகிருஷ்ணனும் ராஜாங்கமும். மில் மூடிய பிறகு அரிகிருஷ்ணன் டெம்போ ஓட்டினார். ராஜாங்கம் கருவடிக்குப்பத்தில் ஓர் அடுக்குமாடிக்குக் காவலுக்குப் போனார். வேலை பிரிந்தது. டீ பிரியவில்லை. முதலியார்பேட்டை முனையில் தினமும் காலை ஆறு மணிக்கு இரண்டு டீ, ஒரு சண்டை.

சண்டை எப்போதும் ஒன்றேதான். தெற்கே ஒரு பெருநிலம் இருந்தது, ஆறும் மலையும் ஊருமாக அதைக் கடல் விழுங்கிவிட்டது என்பார் ராஜாங்கம். அரிகிருஷ்ணன் வாசகசாலையில் கிடைத்ததையெல்லாம் படித்தவர். பனி உருகிக் கடல் நானூறு அடி ஏறியது உண்மை, ஆனால் அதற்குப் பல ஆயிரம் வருஷம் ஆனது, கரையோரம்தான் போயிருக்கும் என்பார். கண்டம் என்பது படகு இல்லை, ஓட்டை விழுந்து மூழ்க. உலகம் முழுக்க வெள்ளக்கதை இருக்கிறதே, அத்தனை பேருமா பொய் சொல்வார்கள் என்று ராஜாங்கம் கேட்பார். உலகம் முழுக்க ஆறு இருக்கிறது, ஆறு இருந்தால் வெள்ளம் வரும் என்பார் அரிகிருஷ்ணன். டீ ஆறிப்போகும். இருவரும் ஆறின டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போவார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் அரிகிருஷ்ணனுக்கு நாக்கு நீண்டுவிட்டது. கடையில் பத்துப் பேர் இருந்தார்கள்.

"மில்ல மூடிட்டாங்கன்றதையே நம்பாம ரெண்டு வருஷம் அதோட கேட்டு வாசலாண்ட போயி நின்னவன் இவன். கண்டம் முழுகுனத மட்டும் கண்ணால பாத்த மாதிரி சொல்றான்."

பத்துப் பேரும் சிரித்தார்கள். ராஜாங்கம் கிளாஸை வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. வேறு கடைக்கு மாறிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

அரிகிருஷ்ணன் இரண்டு முறை வீட்டுக்குப் போனார். ராஜாங்கத்தின் மனைவி அஞ்சலாட்சி காப்பி கொடுத்தாள். ராஜாங்கம் பின்கட்டில் ஒரே முருங்கைக்கு அரைமணி நேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மூன்று மாதம் அரிகிருஷ்ணன் தனியாக டீ குடித்தார். சண்டை இல்லாத டீ வாயில் வைக்க விளங்கவில்லை. எப்படியாவது அவனைத் திரும்பப் பேசவைக்க வேண்டும். வழிதான் தெரியவில்லை.

வழி வாசகசாலையின் பொங்கல் விழாவில் வந்தது. பட்டிமன்றம். 'கடல் கொண்ட நாடு: வரலாறா, கற்பனையா?' நடுவர் செந்தமிழ்ச்செல்வி, தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருவர் பெயரையும் எதிரெதிர் அணியில் எழுதியவர் அவர்தான். அவங்க பேசிக்கிறதில்லையே என்று யாரோ சொன்னதற்கு, மேடையில் பேசித்தானே ஆகவேண்டும் என்றாராம்.

காணும் பொங்கலன்று மாலை நான்கு மணி. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். ராஜாங்கம் சலவை வேட்டியில் வந்திருந்தார். எதிரே இருந்த அரிகிருஷ்ணனைத் தவிர எல்லோருக்கும் வணக்கம் வைத்தார். அவர் காலடியில் துண்டு போட்டு மூடிய ஏதோ ஒன்று இருந்தது.

அவர் முறை வந்தது. பத்து நிமிஷம் நன்றாகவே பேசினார். பிறகு குனிந்து துண்டை எடுத்தார்.

கல். நடுவில் குழி. உடம்பெல்லாம் சிப்பியும் சுண்ணாம்பும் ஒட்டிக் கிடந்தது. போன வாரம் தேங்காய்த்திட்டு மீனவர் அம்மாவாசையின் வலையில் ஏறிய கல் என்றார் ராஜாங்கம். ஒரு பக்கத்தை மட்டும் சுரண்டி வைத்திருந்தார். அங்கே ஒரு மீன் செதுக்கியிருந்தது.

"பாண்டியன் கொடியில் இருந்தது எது? மீன். அவன் நாட்டை எடுத்துக்கொண்டது எது? கடல். எடுத்த கடலே இன்று சாட்சி அனுப்பியிருக்கிறது. எதிரணி பதில் சொல்லட்டும்."

பந்தல் கைதட்டலில் ஆடியது. பின்வரிசையில் விசில் பறந்தது.

அரிகிருஷ்ணன் மீனைப் பார்த்தார். வால் இடப்பக்கம் கோணியிருந்தது. அந்தக் கோணலை அவருக்குத் தெரியும்.

பதினைந்து வருஷம் முன்பு ராஜாங்கம் வீட்டுக்குக் கிரைண்டர் வந்தது. அஞ்சலாட்சி தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரம். தேங்காய்த்திட்டில் ஒரு படகுக்காரர் கனமான கல் கேட்டிருந்தார். தென்னமட்டைகளைக் கல்லில் கட்டிக் கடலில் இறக்கினால் கணவாய் மீன் வந்து சேரும். வீட்டு ஆட்டுக்கல்லை ராஜாங்கம் சைக்கிள் கேரியரில் ஏற்றினார். அவர் முன்னால் தள்ளினார். அரிகிருஷ்ணன் பின்னால் கல்லைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் அவர் மூக்குக்கு நேரே இருந்தது அந்த மீன். ராஜாங்கத்துக்கு அதைத் தெரிய நியாயமில்லை. ஆட்டுக்கல் முன்னால் அவர் வாழ்நாளில் உட்கார்ந்ததில்லை.

ஒரு வரி போதும். பட்டிமன்றம் முடிந்துவிடும். பந்தலே உருண்டு சிரிக்கும். அப்புறம் ராஜாங்கம் செத்தாலும் பேசமாட்டான்.

அரிகிருஷ்ணன் எழுந்து மைக்கைப் பிடித்தார். பனி உருகியதைச் சொன்னார். கடல் ஏறியதைச் சொன்னார். ஊர் மூழ்கலாம், கண்டம் மூழ்காது என்றார். கல் பக்கமே திரும்பவில்லை. நடுவர் மணியடித்துக் கேட்டார், கல்லுக்கு என்ன பதில் என்று.

"கல்லுக்கு எங்கிட்ட பதிலில்லை, நடுவர் அவர்களே."

மூன்று மாதத்தில் முதல்முறையாக ராஜாங்கம் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சரியில்லை என்பதுபோல் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து அஞ்சலாட்சி பந்தலுக்குள் வந்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை அனுப்பிவிட்டு வரத் தாமதமாகிவிட்டது. முன்வரிசையில் இடம் தேடியவள் மேடையைப் பார்த்து நின்றாள். நேரே படியேறிப் போய்க் கல்லின் முன்னால் உட்கார்ந்தாள். குழியைத் தடவினாள். மீனைத் தடவினாள். புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கொழவி எங்கய்யா?"

மைக் பக்கத்தில்தான் இருந்தது. எல்லோருக்கும் கேட்டது.

"அம்மி கொத்துறவன்கிட்ட நாந்தான் மீனு போடச் சொன்னேன். வால கோணையா போட்டுட்டான்னு அன்னிக்கே சண்ட. யாருக்கோ குடுத்துட்டேன்னியே, கடலுக்கா குடுத்த?"

பந்தல் வெடித்தது. நாற்காலிகள் சாய்ந்தன. நடுவர் மணியை அடிக்க மறந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராஜாங்கம் மட்டும் சிரிக்கவில்லை. டீக்கடையில் அன்று இருந்த அதே முகம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியை நோக்கி நடந்தார்.

அரிகிருஷ்ணன் மறுபடி மைக்கைப் பிடித்தார். மேடைத்தமிழ் வரவில்லை.

"சிரிக்கிறவங்க கொஞ்சம் கேளுங்க. அந்தக் கல்ல சைக்கிள்ல தள்ளிக்கினு போனவன் அவன். பின்னால புடிச்சிக்கினு போனவன் நான். பதினஞ்சே வருஷம். அவன் வீட்டுக் கல்லு அவனுக்கே அடையாளம் தெரியல. பத்தாயிரம் வருஷம் முன்ன போனத இல்லவே இல்லன்னு நான் எத வச்சி அடிச்சிச் சொல்றது? நான் கட்சி மாறுறேன்."

பந்தல் அடங்கியது. ராஜாங்கம் கடைசிப் படியில் நின்றிருந்தார்.

"இன்னொண்ணு. மில்லு கேட்டாண்ட ரெண்டு வருஷம் நின்னான்னு அவனக் கிண்டல் பண்ணேன். நான் மூணாம் நாளே டெம்போ ஓட்டப் போயிட்டேன். மில்ல தொறக்கணும்னு நமக்காக நின்னது அவன்தான். நான் பேசுனது தப்பு."

கைதட்டல் மெதுவாகத்தான் தொடங்கியது. பழைய மில்காரர்கள் இருந்த மூலையிலிருந்து வந்தது. ராஜாங்கம் திரும்பி ஒவ்வொரு படியாக ஏறினார். அரிகிருஷ்ணனுக்கு எதிரே வந்து நின்றார்.

"மீனப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சா?"

"தெரிஞ்சிடுச்சி."

"அப்பவே எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாடா?"

"நீதான் எங்கிட்ட பேசறதில்லையே."

ராஜாங்கத்தின் மீசை முதலில் ஆடியது. பிறகு தோள் ஆடியது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் மைக் கீச்சிட்டது.

நடுவர் தீர்ப்புச் சொன்னார். கல் அஞ்சலாட்சிக்கு. கண்டம் அடுத்த பொங்கலுக்கு ஒத்திவைப்பு.

கல்லை டெம்போவில் ஏற்றினார்கள். அஞ்சலாட்சி அதன் பக்கத்தில் ஒரு கையை வைத்தபடி உட்கார்ந்தாள். மிளகாய்ச் செடி வைக்க ஆகும் என்றாள். ஆனாலும் குழவி இல்லாத கல் தனக்குப் பாதிக் கல்தான் என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

கல் கிடந்த இடத்திலேயேதான் குழவியும் கிடக்கும் என்றார் ராஜாங்கம். அரிகிருஷ்ணன் தலையாட்டவில்லை. குழவி உருண்டை, நீரோட்டம் உருட்டிக்கொண்டு போயிருக்கும், இந்நேரம் கடலூரைத் தாண்டியிருக்கும் என்றார்.

"கல்லு இங்கியே கெடக்கறப்ப கொழவி மட்டும் எப்பிடிடா கடலூரு போவும்?"

"கட்சி மாறினது கண்டத்துக்குத்தான். கொழவிக்கு இல்ல."

"வீடு வந்துடுச்சி, எறங்குங்க" என்றாள் அஞ்சலாட்சி. "கல்ல எறக்கி வச்சிட்டு ரெண்டு பேரும் கடல்ல முங்கித் தேடுங்க."

கல்லை இறக்கி முருங்கையடியில் வைத்தார்கள். வால் தெரியும்படி வைக்கச் சொன்னாள். வைத்தார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ராஜாங்கம் முனைக் கடையில் நின்றிருந்தார். கையில் எங்கிருந்தோ கிழித்து வந்த கடல் வரைபடம். அதில் கடலூருக்கு இந்தப் பக்கம் ஓர் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.