இறங்காத பந்து

மாசி மாதத்து முதல் சனிக்கிழமை பின்னேரம், திருகோணமலை உள்துறைமுக வீதியோரக் கூடைப்பந்துத் திடலில் மேலே எறிந்த பந்து கீழே இறங்கவில்லை. வளையத்துக்கும் மேலே, ஒரு தென்னை உயரத்தில் நின்றுவிட்டது. கழகச் செயலாளர் றஊப், சந்தைப் பக்கத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவர், கழகத்தின் மற்றப் பந்தையும் எடுத்து எறிந்தார். அதுவும் முதல் பந்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. அன்றைக்குக் காற்று இல்லை. சூரை மீன் விலை ஏறியிருந்தது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. ஏணி வைத்து ஏறிப் பிடித்து இழுத்தவர் தானும் சேர்ந்து தொங்கினாரே தவிர, பந்து அசையவில்லை. மூதூரிலிருந்து இரவல் வாங்கி வந்த பந்தை எறிய ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. இரவல் பொருள் அல்லவா?

காரணம் எல்லாருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்லத்தான் வெட்கம். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பந்தை எறிய வேண்டியவர் மத்தியஸ்தர். ஊரில் மத்தியஸ்தர் இல்லை. இருந்ததே இரண்டு பேர். றிக்சன் முந்தின வருஷம் ஒரு ஆட்டம் முடிந்து வெளியே வர, மோட்டார் சைக்கிளின் இரண்டு டயரிலும் காற்று இல்லை. தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனவன் அப்படியே கட்டாருக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டான் என்று சனம் பகிடி விட்டது. மற்றவ பஸ்னா, குறிஞ்சாக்கேணிக்காரி, பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி படிப்பிக்கிறவ. தை மாதத்து ஆட்டமொன்றோடு அவவும் விசிலைக் கழற்றி றஊப்பின் கையில் வைத்துவிட்டு பஸ் ஏறினா. றஊப் சும்மா இருக்கவில்லை. மத்தியஸ்தர் வகுப்பு இலவசம், தேத்தண்ணியும் மீன் வைத்த மாலுபாணும் உண்டு என்று சுவர் சுவராக ஒட்டினார். ஒட்டினதில் பாதியை ஊருக்குள் திரிகிற மான்கள் தின்றன. வந்த ஆக்கள் மாலுபாணைத் தின்றார்கள். விசிலைக் கையில் எடுங்கோ என்றதும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேலை ஞாபகம் வந்தது. ஏச்சு வாங்கவா நாங்கள் பிறந்தனாங்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அத்தனை நாளும் ஏசினதும் அவர்கள்தானே!

ஊரிலேயே பெரிய தொண்டை இராஜநாயகத்துடையது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்ந்தவர், கப்பல் மேல்தட்டுக்குக் கேட்கக் கத்திப் பழகினவர். அவருடைய மகள் நதீஷாதான் கழகத்துப் பெண்கள் அணியின் தலைவி. மாகாண அணிக்கு ஆள் தெரிவு செய்கிறவர்கள் பங்குனியில் வருவதாக இருந்தது. நதீஷாவுக்கு அந்த வருஷத்தோடு வயது கடக்கிறது. ஆட்டம் இல்லையென்றால் தெரிவும் இல்லை. பிள்ளை பின்னேரங்களில் திடலுக்குப் போய், தொங்குகிற இரண்டு பந்துக்கும் கீழே, வெறுங்கையோடு ஓடிப் பாய்ந்து பழகினாள். தகப்பன் அதை வீதியில் நின்று பார்த்தார். பஸ்னாவைப் பார்த்து “வீட்டை போய்ச் சோறாக்கு” என்று கத்தினது எந்த வாய் என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி, கிண்ணியாப் பாலம் தாண்டி பஸ்னாவின் வீட்டுக்குப் போனார்.

பஸ்னா அவரைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தா. முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் கூடுதலாக நொந்தது.

“அங்கிள், நீங்க கத்தினது எனக்கு நோகல்ல. உங்களுக்குப் பக்கத்தில இருந்த சின்னப் பிள்ளையள் அதைப் பாட்டாக்கி, பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் எனக்குப் பின்னால பாடிட்டு வந்ததுகள். நான் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற ஆள்.”

இராஜநாயகம் கோப்பையைக் கீழே வைத்தார். பிழைதான் ரீச்சர் என்றார். அவ திரும்பி வர ஒரு நிபந்தனை வைத்தா. ஆட்டத்துக்கு இரண்டு விசில் வேண்டும். மற்ற விசில் இராஜநாயகத்தின் வாயில் இருக்கவேண்டும். வாயில் விசில் இருக்கிறவர் கத்த ஏலாது என்பது அவவின் கணக்கு. மகளின் ஆட்டத்துக்குத் தகப்பனா என்று றஊப் இழுத்தார். வேறு ஆள் இருந்தால் கொண்டுவாருங்கள் என்றா பஸ்னா. ஆட்டம் நடந்தால் போதும் என்று எதிர்த்து ஆட இருந்த மூதூர் அணியும் சொல்லிவிட்டது. பஸ்னா படிப்பிக்க, இராஜநாயகம் விதிகளைப் படித்தார். இத்தனை வருஷமும் பிழைபிழையாகக் கத்தியிருக்கிறேனே என்று வீட்டில் மனிசியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

பங்குனியில் பஸ்னா திடலின் நடுவில் போய் நின்றதும் ஒரு பந்து இறங்கி வந்து அவவின் கையில் இருந்தது. மற்றது அசையவில்லை. அது றிக்சனுக்காகக் காத்து நிற்கிறது என்று அப்போதுதான் சனத்துக்கு விளங்கியது. ஆட்டம் நல்லபடி போனது. முடியக் கொஞ்ச நேரம் இருக்க, நதீஷா பாய்ந்து மூதூர்ப் பிள்ளை ஒன்றோடு இடிபட்டாள். இராஜநாயகம் ஊதினார். அது அவளுக்கு ஐந்தாவது ஃபவுல். ஐந்து ஆனால் ஆள் வெளியே. நதீஷா போய்த் திடலோர மர வாங்கில் இருந்தாள். ஊர்ச் சனம் எழும்பிக் கத்தியது. கண் பொட்டையோ கிழவா என்றது. சின்னப் பிள்ளைகள் வீட்டை போய்ச் சோறாக்கு என்ற பழைய பாட்டை எடுத்தார்கள். இராஜநாயகம் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார். உடனே பஸ்னாவின் கையிலிருந்த பந்து மேலே இழுத்தது. அவ இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டா. குதிக்கால் நிலத்தை விட்டுக் கிளம்பியது. ஆக்களைத் தெரிவு செய்ய வந்தவர்கள் பேனையை மூடினார்கள்.

நதீஷா வாங்கிலிருந்து எழும்பினாள்.

“ஓம், நான்தான் இடிச்சனான். அப்பா சரியாத்தான் ஊதினவர்.”

சனம் அடங்கியது. பஸ்னாவின் குதிக்கால் நிலத்தில் பட்டது. இராஜநாயகம் கண்ணைத் துடைத்துவிட்டு விசிலைத் திரும்ப மாட்டினார்.

ஊர் அணி தோற்றது. மாகாண அணிக்கு மூதூர்ப் பிள்ளைகள் இரண்டு பேரை எடுத்தார்கள், நதீஷாவை எடுக்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது மணிக்கூட்டுக் கோபுரத்தடி வரைக்கும் அவள் தகப்பனுக்கு முன்னால் நடந்தாள். பிறகு, அடுத்த கிழமை ஆட்டத்துக்கு இன்னொரு விசில் இருக்கோ என்று கேட்டாள். அந்தப் பெரிய தொண்டைக்காரர் நடுரோட்டில் நின்று சத்தமில்லாமல் அழுததைச் சந்தையால் வந்த ஆக்கள் பார்த்தார்கள். இப்போது பஸ்னாவோடு ஊதுகிறது நதீஷாதான். ஒரு ஆட்டத்தில் ஆர் எல்லாரையும்விடக் கூடக் கத்துகிறாரோ, வகுப்புக்குப் போய் விதி படித்து ஒரு ஆட்டத்துக்கு விசில் பிடிக்க வேண்டியது அவர் என்பது திடலின் வழக்கமாகிவிட்டது. அதனால் மத்தியஸ்தர்களுக்குப் பஞ்சமில்லை.

றிக்சனின் பந்து இன்னும் அங்கேதான் நிற்கிறது. கட்டாரிலிருந்து அவன் இடைக்கிடை வாட்ஸ்அப்பில் விசாரிப்பான். ஓம், நிற்குது என்று றஊப் படம் எடுத்து அனுப்புவார். மாரி மழைக்கு அது கொஞ்சம் காற்றிறங்கிச் சூம்பிப்போகும். அப்போது, அன்றைக்கு அவனுடைய டயரில் காற்றைத் திறந்துவிட்டவர்களில் ஒருவர் பம்பை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, அது நிற்கிற இடத்திலேயே வைத்துக் காற்றடித்துவிட்டு இறங்குவார்.