மூன்றாவது துளையின் சாய்வு

1

இந்தக் கதை எனக்கு ஒரு கோழியால் கிடைத்தது. நீண்ட யோசனையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் இதில் வருகிறவர்கள் அளவுகோல் வைத்துப் பார்க்கிற ஆட்கள். மாட்டிக்கொள்வேன்.

போன வருடம் ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, சாலையைக் கடந்த கோழிக்கு வழிவிடப் போய் விழுந்தேன். கோழி பிழைத்துக்கொண்டது. எனக்கு மேல்வரிசையில் இரண்டு முன்பற்கள் போயின. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கின் பின்னறையில் பல்செட் செய்பவர் சுகுமாறன். ஐம்பதுக்கு ஒன்றிரண்டு குறைவான வயது, அதிகம் பேசாத சுபாவம். என் வாயின் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"முன்ன இருந்த பல்லு நேரா இருந்துச்சா சார், கோணலா?"

"ஒண்ணு மட்டும் கொஞ்சம் கோணல்."

"இப்ப நேரா போடவா, இருந்த மாதிரியே போடவா?"

இருந்த மாதிரியே என்றேன். சம்பள உயர்வு கிடைத்தவர் போல அவர் முகம் மலர்ந்தது. "அப்ப பல்லு தெரியிற மாதிரி பழைய போட்டோ ஒண்ணு அனுப்புங்க."

கைபேசியில் கிடைத்த ஒன்றை அனுப்பினேன். (அந்தப் படத்தைப் பற்றி ஒரு விஷயம் இருக்கிறது. இப்போது சொன்னால் கதை கெட்டுவிடும்.) இரண்டு வாரத்தில் கோணலோடு பல் வந்தது. அதை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது அலமாரியைப் பார்த்தேன். ஊரார் வாய்களின் அச்சுகளுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு ஹெல்மெட் இருந்தது.

2

அது எந்தப் படத்து ஹெல்மெட் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் கதையை விட்டுவிட்டுப் படத்தோடு ஒப்பிடப் போய்விடுவீர்கள். பழைய விண்வெளிப் படம் ஒன்று, அவ்வளவுதான். அதில் சாம்பல் கவசம் போட்ட காவலர்கள் வருவார்கள். வசனம் கிடையாது. கதவருகில் நிற்பார்கள், பிறகு செத்துப்போவார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் முப்பத்தொரு பேர் அந்தக் கவசத்தைத் தங்கள் கையாலேயே செய்து வைத்திருக்கிறார்கள். திரையில் எப்படியோ அப்படியே, ஆணி ஆணியாக. படம் எடுத்தவர்கள் அவசரத்தில் தோள்வார் ஒன்றைத் தலைகீழாகத் தைத்துவிட்டார்கள். இவர்களும் தலைகீழாகத்தான் தைக்க வேண்டும். நேராகத் தைத்தால் தவறு. இந்தச் சட்டத்தைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் நான் கோணல் பல் கேட்டு வாங்கியது ஞாபகம் வந்து அடங்கிவிட்டது.

புதிதாகக் கவசம் செய்தவர் முன், பின், இடம், வலம் என்று நான்கு படங்கள் அனுப்ப வேண்டும். ஒருவர் பார்த்து அப்ரூவல் கொடுப்பார், அல்லது காரணம் எழுதித் திருப்பி அனுப்புவார். அப்ரூவல் இல்லாத கவசம் குழுவோடு நடக்க முடியாது. சில மாதங்களுக்கு ஒரு முறை கிள்ளானில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்கு வரிசையாக நடந்து போவார்கள். சலைன் குழாயோடு பிள்ளைகள் சல்யூட் அடிப்பார்கள். அந்த வரிசையில் நிற்பதற்காகத்தான் ஒவ்வொருவரும் மாதக்கணக்கில் சேண்ட்பேப்பரோடு குடும்பம் நடத்துகிறார்கள்.

பன்னிரண்டு வருடமாக அப்ரூவல் கொடுப்பவர் சுகுமாறன். அந்த இடம் அவருக்குச் சும்மா கிடைக்கவில்லை. ஹெல்மெட்டின் இடது கன்னத்தில் மூச்சுக்காக மூன்று நீளத் துளைகள் உண்டு. மூன்றாவது துளை மட்டும் இரண்டு மில்லிமீட்டர் கீழே சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர். மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கிய சினிமாப் பத்திரிகை, அதன் நடுப்பக்கப் படம், பல் அளக்கிற கருவி. இவற்றை வைத்து அளந்து, எல்லாருக்கும் ஒரு கைடு எழுதிக் கொடுத்தார். கிள்ளானில் லோரி பம்பர்களுக்கு ஃபைபர் வேலை செய்கிற மாரிஸ் அந்தக் கைடைப் பார்த்துத்தான் மோல்டு வெட்டினார். முப்பத்தொரு ஹெல்மெட்டில் ஒன்றிரண்டு தவிர எல்லாம் அந்த மோல்டில் பிறந்தவை.

3

இனிக் கதை.

'திங்கட்கிழமை மதியம் சந்திரகலா அனுப்பிய படத்தை சுகுமாறன் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். அவர் இதயம்—'

(நிறுத்திவிட்டேன். அவர் இதயம் என்ன செய்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?)

3, மறுபடியும்

திங்கட்கிழமை மதியம் சுகுமாறன் பின்னறையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார். கைபேசியில், புதிதாகக் கவசம் செய்த சந்திரகலாவின் விண்ணப்பம் வந்து விழுந்தது. சனிக்கிழமை மருத்துவமனை நடைக்குள் அப்ரூவல் வேண்டும். நான்கு படங்கள் கேட்டிருக்க, ஐந்து வந்திருந்தன. நாலையும் பார்த்தார். வேலை சுத்தம். மாரிஸின் மோல்டு அவள் தலைக்குப் பெரிது என்பதால் அவளே புதிதாகச் செதுக்கி எடுத்திருந்தாள். இடது கன்னத்தில் மூன்று துளைகளும் நேர்.

ஐந்தாவது, அந்த விண்வெளிப் படத்திலிருந்தே எடுத்த ஒரு காட்சி. மேலே கோடுகள் போட்டு அளவு குறித்திருந்தாள். கீழே எழுதியிருந்தாள்: 'அண்ணே, படத்தோட டிஸ்க்ல நிறுத்திப் பாத்தேன். மூணாவது துளை சாயல. பத்திரிகை நடுப்பக்கத்துல மடிப்பு அந்தக் கன்னத்து மேலதான் போகுது, அதனால அப்படித் தெரிஞ்சிருக்குமோ? நீங்க பாத்தா சரியா சொல்லுவீங்க.'

அன்றுதான், அந்த மதியம்தான், சுகுமாறனுக்குத் தன் தவறு தெரிந்தது. சோற்றை அப்படியே மடித்து வைத்தார்.*

* கடைசி இரண்டு வாக்கியங்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சோறு உண்மை.

4

சந்திரகலாவை வைத்து நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. முப்பத்தெட்டு வயது, கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்புகிற ஒரு ஃபார்வர்டிங் ஆபீசில் வேலை. முதல் வரைவில் அவளுக்கு ஒரு தம்பியைக் கொடுத்தேன். தம்பிக்கு அந்தப் படம் என்றால் உயிர். ஒரு நாள் கூட்டரசு நெடுஞ்சாலையில் தம்பி—

(வேண்டாம். ஒரு பெண் ஹெல்மெட் செய்வதற்கு வீட்டில் ஒரு சாவு விழ வேண்டுமா? தம்பியைப் பிழைக்க வைத்துக் கதையைவிட்டு அனுப்பிவிட்டேன். நன்றாக இருக்கட்டும்.)

ஊகிப்பதைவிடக் கேட்பது சுலபம் என்று செவ்வாய்க்கிழமை பங்சாரில் ஒரு காப்பிக் கடையில் அவளைச் சந்தித்தேன். ஏன் இதைச் செய்கிறீர்கள் என்றேன்.

"ஏன்னா? பிடிச்சிருக்கு சார். ஆபீஸ்ல நாள் பூரா கன்டெய்னர் நம்பர் அடிக்கிறேன். ஒரு நம்பர் தப்புன்னா பெட்டி வேற ஊருக்குப் போயிரும், அப்ப மட்டும் கூப்புடுவாங்க. தப்பில்லாம செஞ்சா யாரும் பாக்குறதில்ல. இங்க பாக்குறாங்க லா. ஒரு ஆணியக்கூட பாக்குறாங்க."

"சுகுமாறன் திருப்பி அனுப்பிட்டா?"

அவள் தே தாரிக் டீயைக் கலக்கினாள். "அண்ணன் திருப்பி அனுப்புனா தப்பு என் மேலதான் இருக்கும். அவரு கண்ணு அப்படி."

இந்த வரியை நான் சுகுமாறனிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

5

புதன்கிழமை சுகுமாறன் கிள்ளானுக்கு மாரிஸைப் பார்க்கப் போனார். பாதி தேய்த்த பம்பர்களுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். உடன் போன நான் ஓரமாக நின்று ஃபைபர் தூளில் தும்மிக்கொண்டிருந்தேன். மாரிஸ் குண்டான மனிதர், முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"அந்தப் புள்ள வேற யார்கிட்டயாவது சொல்லிச்சா அண்ணே?"

"இல்ல. எனக்கு மட்டும்தான்."

"அப்ப ரிஜெக்ட் போடுங்க. கைடு படி இல்ல, முடிஞ்சது. ஒரு துளை வெட்ட எவ்ளோ நேரம்? அடுத்த தடவ நடக்கட்டும்."

"டிஸ்க்ல நேராத்தான் இருக்கு மாரிஸ்."

"டிஸ்க்க யாரு பாக்குறா? எல்லாரும் உங்க கைடத்தான் பாக்குறாங்க."

மாரிஸ் குரலைத் தாழ்த்தினார். "மோல்டு போனா போவுது, நான் வேற வெட்டிக்குவேன். நான் உங்களுக்காகச் சொல்றேன் அண்ணே."

மாரிஸை வில்லனாக்கலாம் என்று நினைத்தேன். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லிக் கெடுத்துவிட்டார்.

6

வியாழக்கிழமை, இதுவரை நீங்கள் படித்ததை சுகுமாறனுக்கு அனுப்பினேன். "எழுதுங்க சார், ஆனா அளவு மாறக்கூடாது" என்ற நிபந்தனையில்தான் அவர் கதையைக் கொடுத்திருந்தார். இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. பழக்கதோஷம், விண்ணப்பத்துக்கு எழுதுவது போலவே எழுதியிருந்தார்.

'முன்: ஓகே. கோழி நல்லாருக்கு.
வலம்: ஓகே. மாரிஸ் அவ்ளோ குண்டு இல்ல.
பின்: ஓகே.
இடம்: ரிஜெக்ட். மூணாம் பகுதில "அன்றுதான் தெரிந்தது"ன்னு எழுதியிருக்கீங்க. தப்பு. எனக்கு ஏழு வருஷமா தெரியும்.'

நான் கூப்பிட்டேன். அவர் எடுத்தார். பின்னால் பல் தேய்க்கும் எந்திரம் ஓடி நின்றது.

"டிஸ்க் வந்த வாரமே வாங்கிட்டேன் சார். போட்டு நிறுத்துனதும் தெரிஞ்சிருச்சு. நேரா இருக்கு. பத்திரிகைய எடுத்துப் பாத்தேன், மடிப்பு அங்கதான். அப்பறம் டிஸ்க்க, ஆளு வாங்க வராத பல்செட்டெல்லாம் போடுற டிராயர்ல போட்டு மூடிட்டேன்."

"ஏன் சொல்லல?"

"முப்பத்தொரு பேருக்கும் பதில் சொல்லணுமேன்னு இல்ல. மன்னிப்பு கேட்டா விட்டுருவாங்க. ஆனா அதுக்கப்பறம் யாரும் என் கண்ண நம்ப மாட்டாங்க. எனக்கு வேற என்னா இருக்கு சார்?"

ஏழு வருடத்தில் நேரான துளையோடு வந்த இரண்டு பேரைத் தானே திருப்பி அனுப்பியதாகவும் சொன்னார். ஒருவர் சாய்த்து வெட்டிக்கொண்டு திரும்பி வந்தார். மற்றவர் வரவேயில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் மறைத்தது இரண்டு மில்லிமீட்டர், அதற்கே ஏழு வருடம் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று தோன்றியது. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. வராத அந்த இரண்டாவது ஆளை நினைத்து வந்த கோபம்.

மூன்றாம் பகுதியின் அந்த வாக்கியத்தை நான் திருத்தவில்லை. மடிப்பு விழுந்த படமாக அதுவும் இருக்கட்டும்.

7

முடிவுகள்.

(அ) சுகுமாறன் சந்திரகலாவுக்கு அப்ரூவல் கொடுத்து, குழுவில் எல்லாவற்றையும் எழுதுகிறார். முப்பத்தொரு பேரும் கண்கலங்கி அவரைத் தோளில்— (இந்த முடிவைக் குழுவில் யாரும் அப்ரூவ் செய்ய மாட்டார்கள்.)

(ஆ) ரிஜெக்ட். சந்திரகலா துளையைச் சாய்த்து வெட்டிக்கொள்கிறாள், நன்றி அண்ணே என்று எழுதுகிறாள். இது நடக்கக்கூடியது. எழுதப் பிடிக்கவில்லை.

(இ) நடந்தது.

வெள்ளிக்கிழமை மாலை கிளினிக்குக்குப் போனேன். கதைக்காகப் போகவில்லை, பல்செட் ஈறில் உரசிக்கொண்டிருந்தது. சுகுமாறன் என்னை நாற்காலியில் சாய்த்து விளக்கைப் போட்டார். பல்லைக் கழற்றி, உரசின இடத்தைத் தேய்த்து, மறுபடி மாட்டினார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

"கோணல் பக்கம் மாறியிருக்கு சார். உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். நான் அனுப்பியது நானே எடுத்துக்கொண்ட செல்ஃபி. என் கைபேசி படத்தைக் கண்ணாடி போல் இடம் வலமாக மாற்றி வைக்கிற ரகம். வலது பல்லின் கோணல் இடது பல்லுக்கு வந்துவிட்டது. முதல் நாள் வீட்டுக் கண்ணாடியில் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் மனசு நோகுமே என்று சொல்லவில்லை. (திருத்தம்: மறுபடி அலைய வேண்டுமே என்று சொல்லவில்லை.)

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"அன்னைக்கே. உங்க கீழ்வரிசை அச்சோட போட்டோ ஒத்துப்போகல. செஞ்சு முடிச்ச பிறகுதான் கவனிச்சேன். நீங்க போட்டுப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னீங்க. சரி, விட்டுட்டேன்."

அவர் கையுறையைக் கழற்றுவது கேட்டது. விளக்கு கண்ணில் அடித்ததால் முகம் தெரியவில்லை.

"சரி பண்ணட்டுமா சார்? ஒரு வாரம் ஆகும். ரெண்டு தடவ வரணும்."

நான் யோசிக்கவில்லை. இதைத்தான் இப்போது ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பக்கத்தில் தட்டில் அவருடைய கைபேசி இருந்ததும், அதில் சந்திரகலாவின் விண்ணப்பம் ஐந்து நாளாகத் திறந்தே கிடந்ததும் எனக்குத் தெரியும். ஆனாலும் பல்லைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"வேணாம் விடுங்க. பழகிருச்சு. யாருக்குத் தெரியப்போவுது."

"ம்" என்றார். கைபேசியை எடுத்தார். ஒரு முறை தட்டினார். செய்தி போய்ச் சேர்ந்த சத்தம் கேட்டது. விளக்கை அணைத்தபோது அவர் முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவிக்கொண்டிருந்தார். அப்ரூவலா ரிஜெக்டா, எதைத் தட்டினீர்கள் என்று நான் கேட்கவில்லை. என் பதில்தான் அவர் விரலை நகர்த்தியது என்றால், அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பயமாக இருந்தது. இன்னும் இருக்கிறது. நடைக்கும் நான் போகவில்லை.

ஆகவே அந்த வெள்ளிக்கிழமையை உங்களிடம் கொடுக்கிறேன். நாற்காலியில் சாய்ந்துகொள்ளுங்கள். விளக்கு கண்ணில் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கிள்ளானில் ஆபீஸ் முடிந்து ஒருத்தி ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருக்கிறாள், கைபேசியைப் பார்த்தபடி. சுகுமாறன் இன்னும் எதையும் தட்டவில்லை. அவர் கேட்கிறார்:

"சரி பண்ணட்டுமா?"