டிலக்ஷியின் கப்பல்கள்

கட்டிய பெண்சாதி கிறேஸின் வேலையைப் பார்த்து "பரவாயில்லை" என்று மட்டும் சொன்ன பேணாட், திரையில் தங்கச்சி டிலக்ஷியின் கப்பல்களைக் கண்டதும் எழும்பி நின்று கைதட்டினான்.

"ஐயோ, உண்மையான துறைமுகம் மாதிரியெல்லோ கிடக்கு!"

கிறேஸுக்கு வயிறு எரிந்தது.

ஓர்ஸ் ஹில் வீட்டு முன்னறையில் எண்பதுகளின் வீட்டுக் கணினி ஒன்று பழைய டிவியோடு பொருத்தியிருந்தது. பேணாட் திருத்தி எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மண்டபத்தில் காட்சிக்கு வைக்கப்போகிறான். கப்பல்களை ஓடவிடும் நிரல் டிலக்ஷியுடையது. எந்தக் கப்பல் எப்போது வரவேண்டுமென்று அதற்குச் செய்தி அனுப்பி, திரையின் அடியில் கப்பலின் பெயரையும் ஓடவிடும் நிரல் கிறேஸுடையது. கப்பல் போகும்போது எழுத்தை யார் பார்ப்பார்கள்?

மூன்றாவது கப்பல் கொட்டியாரக் குடாவுக்குள் திரும்பும்போது திரை கறுத்து, சிவப்புக் கட்டமொன்று மின்னியது. இடையில் நின்று விழுந்தது டிலக்ஷியின் நிரல் என்று காட்டியது. மறுபடி ஓடவிட்டார்கள். மறுபடியும் அதே கதை.

"உன்ர புரோகிராம்தான் விழுத்துது," என்றான் பேணாட். "ஞாயிறுக்குள்ள சரிவராட்டி கப்பல் வேண்டாம். கிறேஸின்ர எழுத்து மட்டும் ஓடட்டும்."

"எழுத்து மட்டுமோ? செத்தவீட்டு அறிவித்தல் எண்டு சனம் நினைக்கும், அண்ணா."

"வாசிக்கத் தெரிஞ்ச சனமும் வரும்தானே," என்றாள் கிறேஸ்.

தனியே ஓடப்போகிற எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குவோமென்று உற்சாகமாகத் தன் நிரலைத் திறந்தாள். அங்கேதான் பிழை கிடந்தது.

அந்தக் காலத்துக் கணினியில் நிரல்களுக்கு நடுவே சுவர் இல்லை. எல்லாம் ஒரே நினைவகத்துக்குள் குடியிருந்தன. ஒன்றின் இடத்தில் மற்றது கைவைத்தால் தடுக்க ஆளில்லை. செய்தியையும் பிரதி எடுத்து அனுப்புவதில்லை, அது கிடக்கும் இடத்தை மட்டும் சொல்லும். வாசித்தாயிற்று என்று பதில் வரும்வரை அனுப்பிய நிரல் அதைத் தொடக்கூடாது. கிறேஸின் நிரல் பதிலுக்கு நிற்கவில்லை. டிலக்ஷியின் நிரல் ஒரு கப்பலை வாசிக்கையிலேயே அதே இடத்தில் அடுத்த கப்பலை எழுதிவிட்டது. டிலக்ஷியின் நிரல் பாதிக் கப்பலும் பாதிக் குப்பையுமாய் வாசித்து, இல்லாத இடத்தில் வரையப் போய் விழுந்தது. விழுந்தவளைத்தான் இயந்திரம் காட்டும், தள்ளியவளைக் காட்டாது.

கிறேஸ் எழுத்தைப் பெரிதாக்கத் தொடங்கினாள்.

"எல்லாம் பாத்திட்டன், மச்சாள். ஒண்டும் விளங்கேல்ல," என்றாள் டிலக்ஷி. "முழுக்க அழிச்சுப்போட்டு முதலிலயிருந்து எழுதப்போறன்."

முதலிலிருந்து எழுதினால் இன்னும் வடிவாக எழுதிவிடுவாளே! கிறேஸ் அவசரமாக, பதில் வரும்வரை நிற்கச் சொல்லும் ஒரு வரியைத் தன் நிரலில் சேர்த்தாள்.

"அழிக்க முதல் இன்னொருக்கா ஓடவிட்டுப் பாரும்."

மூன்றாவது கப்பல் குடாவுக்குள் திரும்பியது. நாலாவதும் வந்தது.

"கண்டுபிடிச்சிட்டாய்! கெட்டிக்காரி!" என்றான் பேணாட் தங்கச்சியிடம்.

"ஓம்... நான் மாத்தினதில ஏதோ ஒண்டு சரிவந்திட்டுது போல," என்றாள் டிலக்ஷி.

அதைப் பொறுக்கக் கிறேஸால் ஏலாது.

"அவள் ஒண்டும் கண்டுபிடிக்கேல்ல. பிழை என்ர. காலமை துவக்கம் விழுத்தினது என்ர புரோகிராம். திருத்தினதும் நான்!"

"பிழைக்கும் இவ்வளவு பெருமையோ, மச்சாள்?"

"ஓம், பெருமைதான்."

பேணாட் அவளுக்குப் பக்கத்தில் வந்து குந்தினான். "எந்த இடத்தில? காட்டும் பாப்பம்."

பிழை இருந்தது கடைசிப் பக்கத்தில். கிறேஸ் முதல் வரியிலிருந்து காட்டத் தொடங்கினாள்.