கருப்பருக்குப் புத்தகம் இல்லை

மீரான் சாகிபுக்குப் புத்தகம் வந்த அன்று எனக்கு அவித்த கடலை வந்தது. இரண்டும் வீட்டு ஆட்கள் பார்க்க வரும் ஒரே மனு நேரத்தில், சப் ஜெயிலின் அதே கம்பிக் கதவுக்கு வந்தன.

என் பொண்டாட்டி கருப்பி கடலையைப் பழைய தினசரித் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். வார்டர் நாகநாதன் கடலையை என் துண்டில் கொட்டிவிட்டுத் தாளைக் கசக்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"கடலைய நீங்க வச்சுக்கங்கய்யா. தாளக் குடுங்க."

"வேதப் புத்தகம் தவிர வேற எழுத்து உள்ள வரப்படாது. ரூல்."

அறுபத்தேழாம் வருசம், கார்த்திகை. கண்மாய் மடைச் சண்டையில் மம்பட்டிக் காம்பால் ஒருத்தன் மண்டையை உடைத்துவிட்டு உள்ளே வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் கிணறு வெட்டுகிறவன். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. நாலாங்கிளாஸ் வரை படித்திருந்ததால், சுவரில் எவனோ கரியால் எழுதிவைத்த கெட்ட வார்த்தைகளை நூறு தடவை எழுத்துக்கூட்டி முடித்திருந்தேன்.

அடுத்து நின்றது மீரான் சாகிபின் சம்சாரம் ஆசியா பீவி. மீரான் லாரி ஓட்டி. ஓர் ஆள் அடிபட்ட கேசில் வந்தவன். அவள் தங்கள் ஊரான நெற்குப்பையிலிருந்து கொண்டுவந்த பச்சைத் துணி மூட்டையை நாகநாதன் பிரித்தார். உள்ளே அரபு எழுத்து. அது அச்சா, கையெழுத்தா என்றுகூட அவருக்குத் தெரியாது. சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் தூக்கி உள்ளே கொடுத்தார். புருசனும் பொண்டாட்டியும் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. "எனக்கு மட்டும் என்னங்கய்யா?"

"அவுகளுக்கு வேதம் இருக்கு. உன் சாமி யாருடா?"

"கருப்பரு."

"அவரு கையில என்ன வச்சிருக்காரு?"

"அருவா."

"அத உள்ள விடச் சொல்றியா?"

கொட்டடியே சிரித்தது. மீரானும் சிரித்தான்.

சாயங்காலம் தொழுதுவிட்டு அவன் புத்தகத்தைப் பிரித்து மெதுவாக வாசித்தான். கேட்டால், தமிழ்.

"வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. ஒண்ணு கெடா. ஆரிபாவுக்கு முன்பல்லு விழுந்துருச்சு. பல்லில்லாம வாப்பா முன்னாடி வரமாட்டேங்குறா."

"என்ன பாய், உங்க வேதத்துல ஆடு குட்டி போடுது?"

"மெதுவாப் பேசு மருது. வீட்டுல எழுதுனது. ஓதுற பள்ளியில படிச்ச எழுத்துதான் அவளுக்குத் தெரியும். அதுலயே தமிழ எழுதுவா. எங்க பொம்பளைக அப்படித்தான்."

அப்புறம் தினமும் ஒரு பக்கம் வாசிப்பான். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரி வந்ததும் வாயை மூடிக்கொள்வான். உதடு மட்டும் அசையும். தாடிக்குள் ஒரு சிரிப்பு ஓடும்.

"அதையும் படிங்க பாய்."

"அது எனக்கு."

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆடு அவனுக்கு, பிள்ளை அவனுக்கு, எழுதுகிற பொண்டாட்டி அவனுக்கு. சாமிகூட புத்தகமுள்ள சாமி. அதுக்கும் மேலே எனக்குத் தராத ஒரு வரி. அஞ்சாம் நாள் காலையில் தண்ணீர் பிடிக்கப் போனபோது நாகநாதனிடம் சொல்லிவிட்டேன்.

"அது வேதமில்லைங்க. வீட்டுக் கடுதாசி. படிக்கச் சொல்லிப் பாருங்க."

செருப்பைக் கழற்றி ஏமாந்த கோபம் அவருக்கு. அன்றைக்கே ஜெயிலைப் பார்க்க வந்த டிப்டி தாசில்தார் முன்னால் மீரானை நிறுத்தினார்.

அவன் குர்ஆனில் மனப்பாடமாகத் தெரிந்ததை ஓதியிருக்கலாம். யாருக்கு என்ன தெரியப்போகிறது? அப்படித்தான் தப்பிப்பான் என்று நினைத்தேன்.

"குர்ஆன் இல்லைங்க. என் சம்சாரம் எழுதுனது" என்றான். "வீட்டுப் பேச்ச வேதம்னு என் வாயால சொல்லமாட்டேன்."

"படி."

ஆட்டை வாசித்தான். பல்லை வாசித்தான். நிறுத்தினான்.

"கடைசி வரி?" என்று மிச்சமிருந்த எழுத்தைக் காட்டிக் கேட்டார் டிப்டி தாசில்தார்.

அவன் என் பக்கம் திரும்பினான். சொன்னது யார் என்று அப்போது தெரிந்துகொண்டிருப்பான். பிறகு தலையைக் குனிந்து வாசித்தான்.

"நீங்க கழட்டிப் போட்டுட்டுப் போன சட்டைய இன்னும் தண்ணியில நனைக்கல. தலைமாட்டுல வச்சிருக்கேன்."

நாகநாதன் சிரித்துவிட்டார். டிப்டி தாசில்தார் சிரிக்காமல் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு உத்தரவு போட்டார். இனி அரபு எழுத்தில் எதுவும் வரக்கூடாது, தமிழில் அச்சடித்த சாமி புத்தகம் வரலாம்.

நோன்பு பிறந்தது. ஆசியா பீவி இந்தத் தடவை நிஜ குர்ஆனையே கொண்டுவந்தாள். உத்தரவைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் வெகுநேரம் நின்றாள்.

அதே மனுவில் கருப்பி எனக்குப் புத்தகம் கொண்டுவந்தாள். கோவிலூர் மடத்தில் சுண்ணாம்பு இடிக்கப் போனவள், அங்கே கேட்டு வாங்கியிருக்கிறாள். தமிழ் அச்சு. நாகநாதன் புரட்டிப் பார்த்து விட்டுவிட்டார். செருப்பைக் கழற்றவில்லை.

"உனக்குன்னு சொல்லி, சாமியார் கால்ல விழுந்து வாங்குனேன்யா" என்றாள். விரலெல்லாம் சுண்ணாம்பு தின்று வெடித்திருந்தது.

எனக்குக் கேட்க வேண்டியிருந்தது ஒன்றுதான். "என் சட்டைய என்ன பண்ணே?"

"எந்தச் சட்ட?"

"அன்னைக்குப் போட்டிருந்தது."

"ரெத்தக் கறைய்யா. சவுக்காரம் போட்டு அடிச்சுத் தொவச்சு எந்தம்பிக்குக் குடுத்துட்டேன். குளிருக்கு அவனுக்கு ஒண்ணுமில்ல. ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

உள்ளே போய் உட்கார்ந்து பிரித்தேன். ஒவ்வோர் எழுத்தும் தெரிந்தது. பிரம்மம், மாயை, ஆன்மா. ஒன்றும் விளங்கவில்லை. ஒரு பக்கத்தைக் கூட்டி முடிப்பதற்குள் நெற்றி வேர்த்துவிட்டது.

மீரான் எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்தான். அந்த நாளிலிருந்து என்னோடு பேச்சில்லை. நோன்பில் உதடு காய்ந்திருந்தது. கையில் ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தான். ஓதுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தாடிக்குள் அந்தச் சிரிப்பு ஓடியது.

எந்த வரி என்று எனக்குத் தெரியும். மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.