காரில் இறங்கிப்போன குளிர்

தூவானக்காட்டின் குளிர் ஒவ்வொரு ஞாயிறு மாலையும் சுற்றுலா வந்தவர்களின் கார்களில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகள் வழியாகக் கோயம்புத்தூருக்கு இறங்கிப்போனது. அதை முதலில் பார்த்தவள் மயிலாத்தாள். அவளும் கணவன் அழகிரிசாமியும் காப்பிக் காட்டில் பாதியை வெட்டி, அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். பொங்கல் விடுமுறைக்கு வந்து தங்கிய கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்துச் சசிதரும் ஹரிதாவும் கிளம்பியபோது, பின் இருக்கையில், அவர்களுடைய கைக்குழந்தைக்குப் பக்கத்தில் மூடுபனி கால் மடக்கி உட்கார்ந்திருந்தது. துண்டையோ செருப்பையோ விட்டுப்போயிருந்தால் ஓடிப்போய்க் கொடுத்திருப்பாள். இதற்கு என்ன சொல்லி நிறுத்துவது என்று தெரியாமல் கையசைத்தாள்.

அதற்குப் பிறகு கோடை மழை வரவில்லை. காப்பிப் பூ கருகி உதிர்ந்தது, மிளகுக்கொடி மரத்தைவிட்டுக் கழன்று விழுந்தது. ஊற்று வற்றியதும் லாரித் தண்ணீர் வாங்கினார்கள். அது அறைகளுக்கே பற்றவில்லை. குளிராத மலைக்கு ஆட்கள் வருவதும் நின்றது. அக்கம்பக்கத்தார் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். அழகிரிசாமி பேச்சை விட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் படுத்துக்கிடந்தான்.

அறை வாடகை நோட்டில் சசிதர் எழுதியிருந்த விலாசத்தைக் கிழித்துக்கொண்டு மயிலாத்தாள் பஸ் பிடித்தாள். ஆர்.எஸ்.புரத்தில் தார் இளகிக்கொண்டிருந்தது. ஹரிதா கதவைத் திறந்ததும் தூவானக்காடு மயிலாத்தாளின் முகத்தில் அடித்தது. கூடத்தில் முழங்காலளவு பனி, சுவரெல்லாம் பாசி.

“ஏனுங் அம்மணி, எங்க குளுரக் குடுத்துப்போடுங்க. காடு செத்துப்போச்சுங்க.”

ஹரிதா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். “வெயிலு ஏறுனா பாப்பாவுக்கு வலிப்பு வந்துருமுங்கக்கா. இது வந்தப்புறந்தான் நின்னுச்சு.” கொஞ்ச நேரம் அழுதாள். “பரவால்லீங்க. பாதி எடுத்துக்கங்க.”

சசிதரே அந்தப் பாதியையும் மயிலாத்தாளையும் காரில் ஏற்றிக்கொண்டு போனான். கண்ணாடிகளை இறக்கவேயில்லை. பொள்ளாச்சி தாண்டும்போதே பனி இளைக்கத் தொடங்கியது. மேலே போய்ச் சேர்ந்தபோது மயிலாத்தாளின் மடியில் ஈரம் மட்டும் இருந்தது. குளிருக்கு ஏறும் வழி மறந்துவிட்டது. அவள் புடவையைக் காய்ந்த காப்பிச் செடியின் மேல் பிழிந்தாள். ஒரு சொட்டு விழுந்தது. சசிதர் வண்டியைத் திருப்பியதும், யாரையும் கேட்காமல் அதில் ஏறி உட்கார்ந்தாள்.

அந்த வீட்டிலேயே சமையலுக்கு நின்றாள். கூட்டிப்போக வந்த அழகிரிசாமி கூடத்தில் உட்கார்ந்தான், “போத்திக்க ஏதாவது இருக்குதுங்களா?” என்று கேட்டான், அப்புறம் எழுந்திருக்கவில்லை. திருப்பூர் போனவர்களும் ஒவ்வொருவராக வந்து சுவரோரம் படுத்துக்கொண்டார்கள். ஹரிதா யாரையும் போகச் சொல்லவில்லை. இப்போது மலையில் ஒருவரும் இல்லை. தூவானக்காட்டுக்குப் போக வேண்டும் என்றால் ஆட்டோக்காரர்கள் நேராக ஆர்.எஸ்.புரத்துக்குத்தான் விடுகிறார்கள்.